பொற்கிண்ணமும் வெற்று மூடியும்

(கசார்வாடிப் பௌர்ணமிக் கூட்டத்தில் நிகழ்த்திய அறவுரை)



திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி அமர்ந்திருக்கும் இவ்வேளையில், நாம் கூடியிருக்கும் இவ்வூரின் பெயரிலிருந்தே தொடங்குகின்றேன். மராட்டியத்தில் காசார் என்பார் வெண்கலத்தாலும் பித்தளையாலும் பாத்திரத் தொழில் நடத்தியவர். நம் நாட்டுக் கன்னாரை ஒத்தவர். வாடி என்பது குடியிருப்பு. ஆகவே கன்னார் குடியிருப்பு என்பதே கசார்வாடி என்னும் பெயருக்குப் பொருள். இன்று நம் காதில் விழுவன லோணாவளாவுக்கு ஓடும் இரயிலின் ஓசையும், நாசிக் ஃபாட்டாவில் திரும்பும் லாரிகளின் இரைச்சலும், தலைக்கு மேலே தூண்களின்மீது செல்லும் மெட்ரோ வண்டியின் ஒலியுமே. எனினும் பெயர் மட்டும் வெண்கலத்தை விடவில்லை.

வெண்கலத்திற்குக் கஞ்சம் என்னும் பெயர் நம் மொழியிலும் உண்டு. பாலி மொழியில் அதுவே கம்ஸம். தீக நிகாயத்தின் முதற் சூத்திரமாகிய பிரம்மஜால சூத்திரத்தில், பகவன் புத்தர் விலக்கிய செயல்களை எண்ணிக் கூறுமிடத்தே, வணிகத்தில் நிகழும் மூன்று கள்ளங்கள் சொல்லப்படுகின்றன. துலாகூடம், கம்ஸகூடம், மானகூடம் என்பன அவை. முதலாவது தராசில் செய்யும் கள்ளம். மூன்றாவது அளவையில் செய்யும் கள்ளம். நடுவில் நிற்கும் கம்ஸகூடம் கிண்ணத்தில் செய்யும் கள்ளமாகும்.

அஃது எவ்வாறு எனின், உரையாசிரியராகிய புத்தகோசர் விளக்குகிறார். (இவர் ஒரு காலத்தில் நம் காஞ்சிமாநகரிலும் தங்கியிருந்தவர் என்பதை இளைஞர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.) ஒரு வணிகன் பொன்னால் ஒரு கிண்ணம் செய்கிறான். அதே வடிவில், பொன்னின் நிறம் ஏற்றி, வேறு உலோகத்தால் இரண்டு மூன்று கிண்ணங்களும் செய்துகொள்கிறான். நாட்டுப்புறத்துச் செல்வர் வீடு சென்று பொற்கிண்ணம் கொள்வீரோ என வினவுகிறான். இவை பொன் என்பதை எங்ஙனம் அறிவோம் என்று வீட்டார் கேட்டால், உரைத்துப் பார்த்தே வாங்குங்கள் என்று உண்மைப் பொற்கிண்ணத்தைக் கல்லில் உரைத்துக் காட்டுகிறான். பிறகு எல்லாக் கிண்ணங்களையும் கொடுத்துவிட்டுப் பணத்தோடு போய்விடுகிறான்.

இக்கதையில் முதற் கிண்ணம் மெய்யானது என்பதைக் கவனியுங்கள். அவ்வணிகன் எடுத்த எடுப்பிலே பொய்யைக் காட்டவில்லை. மெய்யான ஒன்றைக் காட்டி நம்பிக்கையை ஈட்டினான். அந்த நம்பிக்கையைப் பின்வந்த கிண்ணங்களுக்கு முலாமாகப் பூசினான்.

சென்ற பௌர்ணமியன்று கூட்டம் கலைந்தபின் ஓர் இளைஞர் என்னிடம் வந்து நின்றார். அவருடைய பாட்டனார் வட ஆர்க்காட்டிலிருந்து இப்பகுதிக்குப் பிழைக்க வந்தவர். இவரோ சாக்கன் பக்கத்தில், மோட்டார் வண்டிகளுக்கு இருக்கை செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் ஒப்பந்தக் கூலியாக இருக்கிறார். பட்டறையின் பெயர் நமக்கு வேண்டா.

"ஐயா, ஒரு சந்தேகம். கேட்டால் சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல் தம்பி" என்றேன்.

"விலை அதிகமான வண்டிக்கு நாங்கள் இருக்கை செய்கிறோம். முன்பு இரண்டு முன்னிருக்கைகளிலும் இடுப்பைத் தாங்குகிற கருவி ஒன்று வைப்போம். பக்கத்தில் அதற்கு ஒரு விசை இருக்கும். புதிய வண்டியில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் அதை எடுத்துவிட்டார்கள். விசை இருந்த ஓட்டையில் கறுப்பு மூடி ஒன்றை அடிக்க வேண்டும். டம்மி என்போம். நாள் முழுதும் நான் டம்மி அடிக்கிறேன் ஐயா. வண்டியின் விலை குறையவில்லை என்று மேற்பார்வையாளரே சொல்லிச் சிரிக்கிறார். இது கொடாததைக் கொள்வதா? என் கையும் அதில் சேருமா?"

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன வேறொரு செய்தியும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்வேன்.

இவ்வினாவுக்கு அன்றே விடை கூறாமல் ஒரு திங்கள் அவகாசம் கேட்டேன். நாம் ஆடம்பர வண்டி வாங்குவோர் அல்லோம். ஆயினும் அவற்றைப் பூட்டும் கைகளில் நம் கைகளும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் வண்டிகள் 1995இல் இங்கே பிம்பிரியிலுள்ள டாடா வளாகத்திலேயே முதன்முதல் இந்தியாவிற் பூட்டப்பட்டன. 2009 முதல் சாக்கனில் பூட்டப்படுகின்றன. லாண்ட் ரோவர் வண்டிகள் 2011 முதல் புனேயில் பூட்டப்பட்டு வருகின்றன. பி.எம்.டபிள்யூ 2007இல் நம் செங்கற்பட்டுக்கு அருகே தொழிற்சாலை திறந்தது. ஆதலின் அந்தச் செல்வர் வீட்டுக் கிண்ணங்கள் நம் பட்டறையிலிருந்தே செல்கின்றன.

உலகில் நிகழ்ந்தவற்றைச் சற்றுப் பார்ப்போம். 2020இல் பெருந்தொற்று வந்தபோது மோட்டார் உற்பத்தியாளர்கள் மின்னணுச் சில்லுகளுக்குக் கொடுத்திருந்த உத்தரவுகளைக் குறைத்தனர். சில்லு செய்வோர் கணினிக்கும் தொலைபேசிக்கும் திரும்பினர். வண்டிகளுக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டபோது சில்லு இல்லை. 1921இல் அன்று, நம் கண்ணெதிரே 2021இல், ஜப்பானில் சில்லுத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றியதும் இத்தட்டுப்பாட்டோடு சேர்ந்துகொண்டது. அவ்வாண்டின் இறுதியில் பி.எம்.டபிள்யூ நிறுவனம் சில வண்டிகளில், திரையைத் தொட்டு இயக்கும் வசதியை நீக்கியது. நீக்கியதை வாங்குவோருக்கு அறிவித்து, அமெரிக்காவில் 500 டாலரை விலையிலிருந்து கழித்தும் கொடுத்தது.

அதே 2021இல் டெஸ்லா நிறுவனம், நம் இளைஞர் சொன்ன அதே இடுப்புத் தாங்கியைப் பக்கத்து இருக்கையிலிருந்து நீக்கியது. அதைப் பயன்படுத்துவோர் மிகச் சிலரே என்று பதிவுகள் காட்டுகின்றன என்பது அந்நிறுவனத் தலைவர் சொன்ன காரணம். அப்பருவத்தில் வண்டியின் விலையோ ஏறிக்கொண்டிருந்தது.

2022இல் தென்கொரியாவில் நிகழ்ந்தது இன்னும் நுட்பமானது. இருக்கையைச் சூடாக்கும் கம்பி இருக்கைக்குள்ளேயே இருக்கிறது. அதை இயக்கவேண்டுமாயின் மாதந்தோறும் ஏறத்தாழ 24,000 வொன் சந்தா கட்டலாம் என்று பி.எம்.டபிள்யூ அறிவித்தது. (சென்னை வெயிலில் இருக்கைக்குச் சூடு எதற்கு என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது, அது குளிர்நாட்டாரின் துயரம்.) தொடக்கத்திலேயே பணம் கொடுத்தவர்க்குச் சந்தா இல்லை, கொடாதவர் பின்னர் விரும்பினால் பெறுவதற்கே இவ்வழி என்பது அவர்கள் தரப்பு. மக்கள் ஏற்கவில்லை. 2023இல் அம்முறையைக் கைவிடுவதாக அந்நிறுவனமே சொல்லிவிட்டது. மெர்சிடிஸ் நிறுவனமோ 2022இன் இறுதியில், மின்சார வண்டியின் வேகம் கூடவேண்டுமாயின் ஆண்டுக்கு 1,200 டாலர் கட்டலாம் என்று அமெரிக்காவில் அறிவித்தது. கூடுதல் இயந்திரம் எதுவும் பூட்டப்படுவதில்லை. உள்ளிருக்கும் ஆற்றலின் கட்டு அவிழ்க்கப்படுகிறது, அவ்வளவே.

இவற்றுள் எனக்கு மிகவும் கடுமையாகத் தோன்றுவது 2020இன் நிகழ்ச்சி. அமெரிக்காவில் ஒருவர் பழைய டெஸ்லா வண்டி ஒன்றை வணிகரிடமிருந்து வாங்கினார். தானே செலுத்திக்கொள்ளும் வசதிகள் அதில் இருப்பதாகச் சொல்லியே விற்றிருந்தனர். டெஸ்லா நிறுவனமோ, அவற்றுக்குப் பணம் செலுத்தப்படவில்லை என்று கூறித் தொலைவிலிருந்தே அவற்றை நீக்கிவிட்டது. செய்தி வெளிவந்து பலரும் பேசிய பின்னரே திரும்பக் கொடுத்தது. திருடன் வீட்டுக்குள் வரவேண்டுமென்பதுகூட இக்காலத்தில் இல்லை.

இங்கே நம் மூத்த உபாசகர் ஒருவர் சொன்ன மொழியை மறைக்கலாகாது. "செல்வருக்குக் கம்பெனிக்காரன் துறவு கற்பிக்கிறான், நமக்கென்ன? மகிழ்வோம்" என்றார். எல்லோரும் நகைத்தோம். ஆயினும் அம்மொழியிற் பிழை உண்டு. சித்தார்த்தர் நள்ளிரவில் கந்தகன் என்னும் குதிரைமீது ஏறி நகரை நீங்கினார். ஆற்றைக் கடந்தபின் தம் அணிகலன்களைத் தாமே கழற்றினார். குதிரையையும் அணிகளையும் சன்னனிடம் கொடுத்து அனுப்பினார். அவர் அணிகளை எவரும் உறங்கும்போது கழற்றவில்லை. கழற்றியபின் பழைய விலையை அவரிடம் வாங்கவுமில்லை. தானே விடுவதற்குத்தான் நெக்கம்மம் என்று பெயர். பிறன் எடுத்துக்கொண்டு விடச் செய்வதை அப்பெயரால் அழைத்தால், நம் முன்னோரிடமிருந்து கிணறும் நிலமும் கோயிற்படியும் எடுத்துக்கொள்ளப்பட்டதையும் துறவென்றே சொல்ல வேண்டிவரும். அந்தப் பேச்சை நாம் நெடுங்காலம் கேட்டாயிற்று.

செல்வர்க்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. முதல் ஆண்டில் அவ்விசையை அழுத்தி விருந்தினர்க்குக் காட்டுகிறான். மூன்றாம் ஆண்டில் அஃது இருப்பதையே மறக்கிறான். ஏழாம் ஆண்டில் புதிய வண்டி வாங்கி அவ்விடத்தில் மூடியைக் காணும்போது சினம் கொள்கிறான். நுகர்ச்சி வேட்கையாகி, வேட்கை பற்றாகும் நெறியை அவன் தன் இருக்கையிலிருந்தே அறியலாம். அஃது அவன் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. விற்றவனுடைய கணக்கு வேறு. வாங்குவோனுடைய ஆசையைக் காட்டி விற்போனுடைய களவை மறைத்தலாகாது.

ஆனால் எடுக்கப்பட்டவையெல்லாம் களவாகுமா? பிம்பிரிச் சந்தையில் தக்காளி வாங்கினால், காய்க்காரர் கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் சிறிது சேர்த்துப் போடுகிறார். கொசுறு என்கிறோம். மல்லி விலை ஏறிய மாதத்தில் அவர் போடுவதில்லை. நமக்கு முகம் வாடும். எனினும் அவரைக் கள்வர் என்று எவரும் சொல்லார். தக்காளி ஒரு கிலோவில் நூறு கிராம் குறைந்தால் சொல்வோம். கொசுறுக்கும் நிறைக்கும் உள்ள வேறுபாடு அது.

மோட்டார் வண்டியில் எது கொசுறு, எது நிறை? இதற்கு விடை தேடியபோது எனக்குக் கை கொடுத்தது மூன்றாவது கள்ளமாகிய மானகூடமே. அதில் ஒரு வகை எள்ளும் அரிசியும் அளக்குமிடத்து நிகழ்வது. தான் வாங்கும்போது தானியத்தை மெல்லச் சொரியச் செய்து, படியின்மேல் கும்பம் குவியும்படி அளந்து கொள்வான். தான் விற்கும்போது விரைந்து சொரிந்து கும்பம் நில்லாமல் வழித்துக் கொடுப்பான். படி ஒன்றே. முத்திரையும் சரியாகவே இருக்கிறது. அதிகாரி வந்து சோதித்தாலும் குற்றம் காண இயலாது. அப்படியிருந்தும் நம் பெரியோர் இதைக் கள்ளம் என்றனர்.

ஏன்? கும்பமானது கொசுறா, அளவா என்பதை அவ்வணிகனே தன் நடத்தையால் முடிவு செய்துவிட்டான். வாங்கும்போது கும்பம் வேண்டும் என்று கேட்டான். அப்போதே கும்பம் அளவாகிவிட்டது. கொடுக்கும்போது மட்டும் அது கொசுறு என்பானாயின், அவன் பேச்சு இரண்டு நாக்குப் பேச்சாகும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பாருங்கள். இருக்கைப் பட்டறையிலிருந்து பெட்டி பெட்டியாகச் சரக்கு போகிறது. ஒரு தையல் கோணினால், ஒரு திருகு குறைந்தால், பெட்டி திரும்பி வருகிறது. ஒப்பந்தத்தில் எழுதியபடி எல்லாம் இருக்கவேண்டும். அங்கே கும்பம் கேட்கப்படுகிறது. வண்டியை விற்கும் வழுவழுப்பான விளம்பரப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். இதிற் சொல்லிய வசதிகள் முன்னறிவிப்பின்றி மாறுதலுக்குரியவை என்று எறும்பெழுத்தில் அச்சிட்டிருக்கும். அங்கே கும்பம் வழிக்கப்படுகிறது.

இதனால் நீக்கமெல்லாம் குற்றம் என்று சொன்னேன் அல்லேன். 2020 ஜூலையில் நம் நாட்டு அரசாங்கம் விதியைத் திருத்தியது. சக்கரத்தின் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் ஓட்டையை அடைக்கும் சாதனமும் இருப்பின், பயணிகள் வண்டியில் மாற்றுச் சக்கரம் இல்லாமலும் விற்கலாம் என்று அனுமதித்தது. மாற்றுச் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டில் அதைச் செய்து விற்றவர்கள் இருந்த தெருவின் பெயர் அது. இங்கே நீக்கம் வெளிப்படையானது. அதன் இடத்தில் வேறொன்று வைக்கப்படுகிறது. வண்டியின் பின்பக்கத்தைத் திறந்தால் எவரும் காணலாம். 500 டாலரைக் கழித்துக் கொடுத்த நிகழ்ச்சியும் இவ்வகையே. சொல்லி எடுத்தார்கள், விலையிலும் குறைத்தார்கள். இரண்டாம் சீலம் அங்கே முறியவில்லை. சொல்லாமல் எடுப்பதிலும், சொல்லியும் பழைய விலையே வாங்கி அதைப் புதுமை என்று புகழ்வதிலுமே அது முறிகிறது.

இனி அந்த இளைஞருக்கு விடை. பகவன் செய்கை என்பதே எண்ணம் என்று தெளிவாகக் கூறினார். ஆயுதம், உயிர், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்து வாணிகங்களையும் உபாசகர்க்கு விலக்கினார். இருக்கை செய்தல் அதில் இல்லை. மூடி அடிக்கும்படி கட்டளையிட்டவர் வேறு. விலையை வைத்தவர் வேறு. தம்பி எவரிடமும் ஒன்றும் மறைக்கவில்லை. ஓட்டையை மூடினால் தூசி சேராது. அதுவும் ஒரு நேர்மையான வேலையே. ஆகவே அந்தக் கையிற் களவு இல்லை என்று சொன்னேன்.

அவர் முகம் தெளியவில்லை. அப்போதுதான், சென்ற முறை தயங்கிச் சொன்ன அந்த மற்றொரு செய்தியை மீண்டும் எடுத்தார். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு சோதனைத் தாள் உண்டு. புதிய இருக்கை வந்தும் பழைய தாளே இருக்கிறது. அதில் "இடுப்புத் தாங்கி, இரு பக்கமும்" என்றொரு வரி. மற்ற வரிகளைப்போல் அதற்கும் சரிக்குறி போட்டுக் கையெழுத்திடும்படி மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். "பழைய தாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்பது அவர் வாதம். ஏறத்தாழ ஒரு மாதமாக இவரும் போட்டு வந்திருக்கிறார்.

உபாசகர்களே! வினா இருந்த இடம் இதுதான். அவர் மூடியைப் பற்றிக் கேட்டார். மனம் உறுத்தியது கையெழுத்து. மூடியில் இரண்டாம் சீலம் அவரைத் தொடவில்லை. தாளில் நான்காம் சீலம் தொடுகிறது. இல்லாததை உண்டு என்று எழுதி அதன்கீழ்த் தம் பெயரை இடுகிறார். அந்தத் தாளை எவரும் படிக்காமற் போகலாம். படித்து ஒருநாள் வழக்கு வருமாயின், மேலே இருக்கும் எவருடைய பெயரும் அதில் இராது. ஒப்பந்தக் கூலியின் பெயரே இருக்கும்.

அந்த வரிக்குச் சரிக்குறி போடாதே என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கு நாணம் உண்டாயிற்று. என் வேலை போகாது. போனால் அவர் வேலை போகும். வீட்டில் இரண்டு குழந்தைகள். சீலத்தை எடுத்துரைப்பவர் அதன் விலையைத் தாம் கொடாதபோது, குரலைத் தாழ்த்தியே பேசவேண்டும். சண்டையிட வேண்டா, எவரையும் குற்றம் சாட்ட வேண்டா, அவ்வரியின் நேரே ஒரு கோடு மட்டும் இழுத்துவிடு என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமற் போனார்.

நேற்று மாலை நிலையத்து மேம்பாலத்தில் அவரைக் கண்டேன். மூன்று வாரமாகக் கோடு இழுக்கிறாராம். முதல் நாள் மேற்பார்வையாளர் முறைத்தாராம். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லையாம். பக்கத்தில் வேலை செய்யும் பீகார்க்காரரும் இப்போது கோடு இழுக்கிறாராம். புதிய தாள் இன்னும் வரவில்லை.

அவரே நடந்துகொண்டு இன்னொன்றும் சொன்னார். முன்பு பட்டறைக்காரர்கள் நாசிக் ஃபாட்டாவரை பேருந்து விட்டிருந்தனர். சென்ற ஆண்டு நிறுத்திவிட்டார்கள். கூலி அதுவே. நேரமும் அதுவே. ஒரு நிமிடம் பிந்தினால் அரைநாள் கூலி போகும். "அங்கேயும் ஒரு டம்மி அடித்துவிட்டார்கள் ஐயா" என்று சிரித்தார். வாங்கும்போது கும்பம், கொடுக்கும்போது வழித்த படி என்று நான் சொன்னதை அவர் எனக்கு முன்பே அறிந்திருந்தார். பேருந்து கொசுறா, கூலியில் ஒரு பகுதியா என்பதைத் தொழிலாளர் ஒன்றுகூடிக் கேட்பது சண்டையாகாது, அளவைக் கேட்பதாகும். அது குறித்துச் சங்கத்தார் அவரோடு பேச ஒப்புக்கொண்டுள்ளனர்.

இன்னொரு செய்தி சொல்லி அமர்கிறேன். இதே இரயில் பாதையில் மேற்கே சென்றால் தேஹு ரோடு. 1954 டிசம்பர் 25இல் அண்ணல் அம்பேத்கர் அங்கே புத்தர் திருவுருவை நிறுவியதை நீங்கள் அறிவீர்கள். அதற்கும் அப்பால் மளவ்லி நிலையத்தில் இறங்கினால் கார்லே மலைக்குகை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழைமையுடைய சைத்தியம். அதைச் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் தூண்களிலும் வாயில்களிலும் பொறிக்கப்பட்டுள்ளன. வைஜயந்தி நகரத்துச் செட்டி பூதபாலன் பெயர் இருக்கிறது. ஒரு வாயிலைக் கொடுத்தவர் சிம்மதத்தர் என்னும் நறுமணப் பொருள் வணிகர். வாயில் வேலை செய்த சாமி என்னும் தச்சர் பெயரும் இருக்கிறது. கொடுத்தவர் பெயரோடு செய்தவர் பெயரையும் எழுதினார்கள்.

உள்ளே சென்று அண்ணாந்து பாருங்கள். குடைந்த கற்கூரையின் அடியில் வளைந்த மரவிலாக்கள் வரிசையாக நிற்கின்றன. கூரை முழுவதும் ஒரே மலை. அதைத் தாங்க மரம் தேவையில்லை. பயன்படுத்துவோர் எத்தனை பேர் என்று பதிவு பார்த்திருந்தால் முதல் ஆண்டிலேயே கழற்றியிருப்பார்கள். இரண்டாயிரம் ஆண்டாக அவை அங்கேயே இருக்கின்றன. தூபியின் மேலுள்ள மரக்குடையும் அவ்வாறே.

வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறன்று நாம் அங்கே செல்கிறோம். காலை வண்டிக்குக் கசார்வாடி நிலையத்தில் கூடவேண்டும். அந்த இளைஞருக்கு அன்று முற்பகல் பணி இல்லையாம், குழந்தைகளோடு வருகிறார்.